நல்ல சேவலை விற்றுவிடலாமா?

மகேந்திரவர்ம பல்லவனின் குகைக் கோயில் உள்ள தளவானூரைப் போன்ற செஞ்சி வட்டார ஊர்களில், நெல், நிலக்கடலைச் சாகுபடியுடன் வீட்டுக்கு நாலைந்து நாட்டுக் கோழி வளர்ப்பது வழக்கம். அவசரச் செலவுக்குக் கைகொடுப்பது இந்தக் கோழிகளே. ஆனால் விற்கும் முறையில் ஒரு பெரும் தவறு நடந்து வருகிறது.

கூட்டத்திலேயே எடை கூடிய, எடுப்பான சேவலுக்குத்தான் வியாபாரி நல்ல விலை கொடுக்கிறார். ஆகவே முதலில் விலைபோவது அதுவே. விலைபோகாத நோஞ்சான் சேவல் வீட்டில் தங்கி, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. சில ஆண்டுகள் கழித்து, கோழிகள் முன்போல் எடை வருவதில்லை என்று தீவனத்தைக் குறை கூறுகிறார்கள். விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைக்கும் விவசாயி உண்டா?

ஒவ்வொரு குஞ்சும் பரம்பரைக் குணத்தில் பாதியைச் சேவலிடமிருந்தும், பாதியைப் பெட்டையிடமிருந்தும் பெறுகிறது. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்றால், அவ்வீட்டுக் குஞ்சுகள் அனைத்திலும் பாதி அந்த ஒரே சேவலின் பங்காகும். உடல் எடையோ பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு நன்கு இறங்கும் குணம். எனவே சேவலைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம்.

நாட்டு இனத்தின் மதிப்பை விஞ்ஞானமும் உணர்த்துகிறது. 2004-ஆம் ஆண்டு கோழியின் மரபணுத் தொகுப்பு வெளியிடப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது பண்ணைக் கோழியை அல்ல. வீட்டுக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை. உலகெங்கும் உள்ள கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பதும் 2008-இல் தெரிய வந்தது. மறுபுறம், முட்டைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒயிட் லெகார்ன் கோழி அடைகாக்கும் குணத்தையே ஏறக்குறைய இழந்துவிட்டது. இன்குபேட்டர் இல்லாத சிறு விவசாயிக்கு அடைகாக்கும் பெட்டை பெரும் சொத்தாகும்.

ஐதராபாத்தில் உருவான வனராஜா, பெங்களூரில் உருவான கிரிராஜா ஆகியவை முட்டைக்கும் கறிக்கும் நல்லவையே. ஆனால் அவற்றின் சேவலை நாட்டுப் பெட்டைகளுடன் கலக்க விடக்கூடாது. கலப்புக் கோழியின் சந்ததி ஒரே சீராக இராது. அடைகாக்கும் குணமும் குன்றும்.

ஏழை வீட்டில் சேவல் கைக்காசு போன்றது. அதை விற்கவே கூடாது என்பது நடவாத யோசனை. மற்றச் சேவல்களை விற்று, சிறந்ததை மட்டும் ஓராண்டு வைத்திருந்தால் போதும். அடையாளத்திற்கு அதன் காலில் வளையம் போடலாம். குஞ்சுகள் தலையெடுத்ததும் அதனை விற்கலாம். அல்லது வேறு ஊரின் நல்ல சேவலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றாவிட்டால் அது தன் மகள்களுடனேயே இணைந்து, சந்ததி நலியும். தனியாக வைத்திருக்க வசதியில்லாத நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு சேவலைப் பொதுவில் பராமரிக்கலாம்.

நாட்டுக் கோழிக்கு நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி அவசியம்.

கர்னாலில் உள்ள மத்திய அரசின் மரபு வளப் பணியகம் நாட்டு இனங்களைப் பதிவு செய்கிறது. ஆனால் ஏட்டில் பதிந்தால் மட்டும் இனம் பிழைத்துவிடாது. வியாபாரி கூடையுடன் வரும்போது, எந்தச் சேவலைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று வீட்டார் எடுக்கும் முடிவில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது.