முயலுக்கு நலமடிக்கலாமா?

கடந்த வைகாசியில் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டு முயற்கூட்டின் மூலையில் பஞ்சுபோல ஒரு மயிர்க் குவியல் கிடந்தது. அது மெல்ல அசைவதைக் கண்டு மகள் என்னைக் கூப்பிட்டாள். விலக்கிப் பார்த்தால், கண் திறவாத, மயிர் முளைக்காத ஆறு குட்டிகள். 'இரண்டும் பெட்டை' என்று சொல்லப்பட்டு நாம் வாங்கிவந்த முயல்களில் ஒன்று தாயாகியிருந்தது. மற்றது தந்தை என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. விற்றவரைக் குறைகூற மாட்டேன். மிக இளங்குட்டியில் ஆண் எது, பெண் எது என்று பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினமானதே.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எம்முடைய தவறு. ஈன்ற அன்றே பெண் முயல் மீண்டும் கருத்தரிக்க வல்லது. பூனையையும் நாயையும்போல இதற்குப் பருவகாலம் என்று ஒன்றில்லை. ஆணோடு சேர்ந்தபின்னரே சூல்முட்டை வெளிப்படும் உடலமைப்பு அதனுடையது. இதை அறியாத நாம் இரண்டையும் ஒரே கூட்டில் விட்டுவைத்தோம். சரியாக ஒரு மாதத்தில் மேலும் ஐந்து குட்டிகள் பிறந்தன.

பதினொரு குட்டிகளையும் அயலுக்கும் உறவுக்கும் பகிர்ந்து கொடுத்தோம். கொடுக்கும்போது அது ஏதோ தருமம்போலவே இருந்தது. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, இரண்டை நாய் பிடித்திருந்தது. மூன்று கறிச்சட்டிக்குப் போயிருந்தன. ஒன்று வெயில் தாளாமல் தகரக் கூரையின் கீழ் இறந்திருந்தது. மற்றவை பற்றிக் கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. அந்த இரவில்தான் இந்தக் கேள்வி எம் வீட்டுக்குள் வந்தது: இவற்றுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதா, விடுவதா?

அம்மா உடனே மறுத்தார். "வாயில்லாச் சீவன் தம்பி. கடவுள் குடுத்ததை நாங்கள் வெட்டி எடுக்கிறதே? பாவம்" என்றார். முன்வீட்டு ஐயா சிரித்தார். "என்ன தம்பி, முயலுக்கும் நலமடிக்கப் போறீரோ? பேசாமல் கொண்டுபோய் வல்லை வெளியில விடும். அதுகள் தங்கடபாட்டில பிழைச்சுக்கொள்ளும்" என்றார். ரொறன்ரோவிலிருந்து தங்கை தொலைபேசியில் அதிசயித்தாள். "இன்னும் செய்விக்கேல்லையோ அண்ணை?" இந்த மூன்று பேரும் சொன்னதைச் சில வாரங்களாக மனத்தில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. நாம்பன் மாட்டுக்கும் கிடாய்க்கும் விதையடிப்பதை யாழ்ப்பாணத்தில் 'நலமடித்தல்' என்போம். வலியைத் தரும் ஒரு செயலுக்கு நலம் என்ற சொல்லை இட்டுவைத்தது எம் முன்னோரின் இடக்கரடக்கல். சிறுவனாக இருந்தபோது அதை நான் பார்த்திருக்கிறேன். நாம்பனை வீழ்த்திக் கால்களைப் பிணைத்து, மயக்கமருந்து எதுவுமின்றியே செய்தார்கள். அது எழுப்பிய ஓசை இன்றும் காதில் நிற்கிறது. ஏர் இழுக்கவும், வண்டில் இழுக்கவும், கிடாய் கொழுக்கவும் அது செய்யப்பட்டது. எம் தேவைக்காகச் செய்தபோது எவரும் அதைப் பாவம் என்று சொன்னதில்லை. விலங்கின் நன்மைக்காக, வலி தெரியாதபடி மயக்கிச் செய்யலாமா என்று கேட்கும்போது மட்டும் ஏன் கடவுளை இடையில் அழைக்கிறோம்?

அம்மாவின் வாதத்தின் உட்பொருள், இயற்கைக்கு மாறாக எதையும் செய்யக்கூடாது என்பதே. மதிக்கத்தக்க வாதந்தான். ஆனால் இரண்டரை அடிக் கம்பிவலைக் கூட்டுக்குள் ஆணையும் பெண்ணையும் அடைத்து, தப்பி ஓட இடமில்லாமல், மாதந்தோறும் ஈனவைப்பதில் எந்த இயற்கை இருக்கிறது? கூட்டின் கதவைப் பூட்டிய அன்றே இயற்கையை நாம் வெளியே நிறுத்திவிட்டோம். அதன்பின் நிகழும் ஒவ்வொன்றுக்கும் நாமே பொறுப்பு. சத்திரசிகிச்சை செய்வது ஒரு முடிவு என்றால், செய்யாமல் விடுவதும் ஒரு முடிவே. அதன் விலையை அந்தப் பதினொரு குட்டிகளும் கொடுத்தன.

ஐயா சொன்ன வல்லை வெளி? எமது பற்றைகளில் வாழும் முயலும் வீட்டில் வளர்க்கும் முயலும் வேறு வேறு இனங்கள். காட்டுமுயல் தரையின் மேலே வாழ்வது. கண் திறந்து, மயிர் மூடிய குட்டிகளை ஈனுவது. வீட்டுமுயலின் முன்னோர் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்தவை. எம் வெளிகளில் விடப்படும் வெள்ளை முயல், கட்டாக்காலி நாய்க்கும் கீரிக்கும் ஒரு இரவுகூடத் தாங்காது. பிழைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகலாம். 1859இல் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வருவித்து விக்ரோறியா மாநிலத்தில் விட்ட இருபத்துநான்கு முயல்களின் வழிவந்தவையே அவுஸ்திரேலியாவின் வயல்களைத் தின்று தீர்த்தன.

அவிழ்த்துவிடுவது விடுதலை அன்று என்பதை எமது தலைமுறை அறியும். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டு, ஆடுகளைத் திறந்துவிட்டு, நாய்க்கு ஒரு சட்டி சோறு வைத்துவிட்டே பலரும் படலையைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அன்று எமக்கு வேறு வழி இருக்கவில்லை. திரும்பிவந்தபோது கட்டைதான் இருந்தது. இன்று ஷெல் விழவில்லை. இன்றும் அதையே செய்வதற்கு எமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இனித் தங்கையின் பக்கம். புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ப்பு முயலுக்குக் கருத்தடை செய்விப்பது வழக்கமான காரியம். பிரித்தானியாவின் ஆர்.எஸ்.பி.சி.ஏ. அதைப் பரிந்துரைக்கிறது. குட்டிகள் பெருகுவதைத் தடுப்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. வயதேறிய பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருவது. இனத்துக்கு இனம் அளவு மாறினாலும், சில இனங்களில் நான்கு வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் அதிகமானவற்றில் அது காணப்பட்டிருக்கிறது. கருப்பையையும் சூலகங்களையும் அகற்றினால் அந்த அபாயம் நீங்கும். ஆண் முயலுக்கோ, சண்டையும் கண்ட இடமெல்லாம் சிறுநீர் தெளிப்பதும் குறையும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிரித்தானிய மிருக வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரும் ஆய்வொன்றின்படி, மயக்கமருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ 600இல் ஒன்று இறந்தது. முயல்களில் 72இல் ஒன்று. நோயற்ற முயல்களை மட்டும் எடுத்தாலும் 137இல் ஒன்று. வசதிகள் நிறைந்த நாட்டின் கணக்கு இது. முயல் பயத்தாலேயே சோர்ந்துவிடும் பிராணி. அதனால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே நாய்க்குப்போல இரவு பட்டினி போடக்கூடாது. சிகிச்சைக்குப் பின் சில மணி நேரத்துக்குள் அது மீண்டும் தின்னத் தொடங்கவேண்டும். தின்னாவிட்டால் குடல் அசைவு நின்று, சத்திரசிகிச்சையில் தப்பிய முயல் அதன் பின்னர் இறந்துபோகும்.

எனவே உண்மையான கேள்வி, செய்யும் கை எத்தகையது என்பதே. நான் மிருக வைத்தியர் ஒருவரிடம் போய் நேரடியாகவே கேட்டேன்: "டொக்டர், நீங்கள் எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறியள்?" அவர் மழுப்பவில்லை. "நாய், பூனைக்குக் கணக்கில்லாமல் செய்திருக்கிறன். ஆண் முயலுக்கு ஏழெட்டு. பெண் முயலுக்கு இரண்டுதான்." அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

எமது கால்நடை வைத்தியசேவை பசுவையும் ஆட்டையும் கோழியையும் மையமாக வைத்து வளர்ந்தது. குடும்பத்தின் வருமானம் அவற்றில் தங்கியிருந்ததால் அது நியாயமானதே. 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியபின், கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் அதன் இடத்துக்கு வந்தன. நாய்க்குக் கருத்தடை செய்வதை இன்று எவரும் பாவம் என்பதில்லை. இளம் வைத்தியர்களுக்கு அதில் கை பழகிவிட்டது. இப்போது பிள்ளைகள் முயலும் கினிப்பன்றியும் வளர்க்கிறார்கள். அவற்றுக்கும் கை பழகவேண்டும். பயிற்சி வகுப்பு ஒன்றை ஒழுங்குசெய்வது மாகாணக் கால்நடைத் திணைக்களத்துக்குப் பெரிய சுமை ஆகாது. புலம்பெயர்ந்த மிருக வைத்தியர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரண்டு நாளை இதற்கு ஒதுக்கினால், கோவில் கோபுரத்துக்குக் கொடுக்கும் பணத்தைப்போல அதுவும் ஒரு தொண்டாகும்.

என் முடிவுக்கு வருகிறேன். ஆண் முயலுக்கு வரும் சனிக்கிழமை காலை செய்விக்கிறோம். அது சிறிய சத்திரசிகிச்சை. வயிற்றைத் திறக்கவேண்டியதில்லை. வைத்தியருக்குப் பழகியதும்கூட. வெயில் ஏறுமுன் முடித்து, அது வழக்கமாகத் தின்னும் அறுகம்புல்லோடு வீட்டுக்குக் கொண்டுவருவோம். அதற்குப் பின்னும் ஆறு வாரம் வரை அதற்குக் கருத்தரிக்கச் செய்யும் ஆற்றல் எஞ்சியிருக்கலாம் என்பதால், அதுவரை தனிக்கூடு.

பெண் முயலின் வயிற்றைத் திறக்க இப்போது நான் சம்மதிக்கவில்லை. பேராதனையிலுள்ள தமது ஆசிரியர்களிடம் கலந்துபேசிச் சொல்வதாக வைத்தியர் கூறியிருக்கிறார். அனுபவமுள்ள கை கிடைத்தால், முயல் முதுமை எய்துமுன் செய்விப்போம். அதுவரை புற்றுநோய் அபாயத்தை அதன்மேல் சுமத்தியிருப்பவன் நான் என்பதை மறைக்கவில்லை. மயக்கமருந்தின் அபாயத்தைச் சுமத்தினாலும் அவ்வாறே. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யாமல் இருக்க வழியில்லை.

முயல் வாங்க எண்ணும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். ஒன்றுக்கு மேல் வாங்குவதானால், வாங்கிய வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதிசெய்யுங்கள். நான்கு மாதம் ஆகுமுன் பிரித்துவையுங்கள். நல்லாகப் பராமரித்தால் எட்டுப் பத்து ஆண்டுகள் உயிர்வாழும் பிராணி அது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்குவது, அவள் பல்கலைக்கழகம் போகும்வரை வீட்டில் இருக்கும்.

நேற்று இரவு மகள் கேட்டாள்: "அப்பா, அதுகளிட்டைக் கேக்காமல் செய்யலாமோ?"

"கேக்கேலாது பிள்ளை. அதாலதான் நாங்கள் இவ்வளவு யோசிக்கவேண்டிக் கிடக்கு" என்றேன்.