குபேர வேடமும் குளத்து நீரும்

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது சிகிரியாக் குன்று. ஏறி இறங்குவோர் அனைவரும் காசியப்பனின் கலையுள்ளத்தை வியக்கிறார்கள். வியப்பில் எனக்குப் பிணக்கில்லை. அந்த வியப்பில் ஒரு கொலை மறைந்துபோவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

புராண நாயகனின் நிழலில் ஒதுங்குவது அரசர்களின் பழைய வழக்கம். அலெக்சாந்தர் தன்னை அக்கிலீசின் வழித்தோன்றல் என்றான், கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்ததும் திரோய் சென்று அந்த வீரனின் சமாதிக்கு மரியாதை செய்தான். ஹெர்குலிசின் சிங்கத்தோல் அணிந்த தலையைத் தன் நாணயங்களில் பொறித்தான்.

நம் தீவின் காசியப்பன் தேர்ந்துகொண்ட நாயகன் குபேரன். குன்றின்மேல் இன்னொரு அளகாபுரியை எழுப்பி, குபேரனைப்போல் அவன் வாழ்ந்தான் என்கிறது சூளவம்சம். இதை வைத்தே, அவன் தன்னைத் தெய்வ அரசனாகக் காட்டிக்கொண்டான் என்று வாதிட்டார் தொல்லியலறிஞர் பரணவிதான.

ஏன் இந்த வேடம்? தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன் அவன். பிறப்புரிமை தம்பி மொகல்லானனுக்கு இருந்தது. தந்தையைக் கொன்றவனுக்கு மனிதர் நடுவே மதிப்பில்லை. ஆகவே தேவர் நடுவே இடம் தேடினான். ஏறத்தாழ 18 ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து படையோடு திரும்பினான் தம்பி. தன் படை சிதறியதும் காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். அளகாபுரி துறவிகளின் மடமாயிற்று.

தாதுசேனன் எந்த வேடமும் போடவில்லை. செல்வம் எங்கே என்று மகன் மிரட்டியபோது, தான் கட்டிய கலாவெவக் குளத்து நீரை அள்ளிக் காட்டி, தன் செல்வம் இவ்வளவே என்றானாம். அந்தக் குளத்து நீர் இன்றும் வயல்களுக்குப் பாய்கிறது.

இது பழங்கதையன்று. 2009இல் போர் முடிந்ததும் மகிந்த ராஜபக்சவுக்குத் துட்டகைமுனு வேடம் பூட்டி மகிழ்ந்தார்கள். 2019 நவம்பரில், துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாயவின் முன்றலில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார் அவர் தம்பி கோட்டாபய. 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு வரிசையில் நின்றது. அந்த ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டே ஓடினார்.

தமிழராகிய நாமும் கைகழுவிவிட முடியாது. சிகிரியாவை இராவணன் கோட்டை என்று கொண்டாடுவோர் சிங்களவரிடையே மட்டுமா இருக்கிறார்கள்? அந்த இராவணனிடம் இலங்கையைப் பறிகொடுத்தவன்தான் குபேரன் என்பதையாவது நினைவில் கொள்ளவேண்டாமா? சோழன் மறுபடி வந்தான், பாண்டியன் மறுபடி வந்தான் என்று மேடைதோறும் முடிசூட்டுகிறோம். முடிசூடியவரிடம் கணக்குக் கேட்டால் துரோகி என்கிறோம்.

புராண நாயகனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஆள்வோருக்கு அந்த வேடம் இனிப்பது அதனால்தான். அடுத்தமுறை ஒரு தலைவருக்கு நாயகன் பெயரைச் சூட்டுமுன் ஒன்று கேளுங்கள்: அவர் வெட்டிய குளம் எங்கே?