சேர்ப்பதும் காப்பதும்

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் புலப்படும் அந்நாயகன் நம் பள்ளிப் பருவத்தை ஆட்கொண்டான். 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் நம் கைப்பொருளைக் கவர்ந்தது.

படிப்பதற்காக வாங்கத் தொடங்கிய நாம், நாளடைவில் வரிசை எண் நிரம்புவதற்காக வாங்கலானோம். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இதழொன்றுக்கு அதன் விலையினும் பன்மடங்கு கொடுத்தோம். விடுபட்ட இதழ் உறக்கத்தைக் கெடுத்தது. கிடைத்த இதழோ பிரிக்கப்படாமலே பெட்டியில் உறங்கிற்று. தம்பி மகன் படிக்கக் கேட்டபோது, தாள் மடங்குமென மறுத்தோம். அவன் முகம் வாடியபோதுதான், நம்மிடம் இருப்பது நூற்காதலன்று, உடைமைப் பற்றே என உணர்ந்தோம்.

எனினும் சேர்த்தலே பிழையென்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு பிறர் எறிந்துவிடும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அத்தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயராலேயே ஆய்வு நூலகமாக விளங்குகின்றது. சித்திரக்கதைகளும் தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றின் சான்றுகளே. மலிவான தாளில் அச்சானவை. பேணுவாரின்றேல் பூச்சிக்கு இரையாகும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, சேர்த்து வையுங்கள், பட்டியலிடுங்கள், கேட்பவர்க்குப் படிக்கக் கொடுங்கள். நம் பெட்டியின் திறவுகோல் இப்போது தம்பி மகனிடம் உள்ளது.