பொழுதுபோக்கு என்னும் வசவு

ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தூரிகையைக் கையிலெடுத்தால் நம் இலக்கியச் சூழல் அதற்கு உடனே ஒரு பெயர் சூட்டிவிடுகிறது: பொழுதுபோக்கு. மேற்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே அச்சொல்லின் உட்பொருள். தாகூரும் அறுபதைக் கடந்த பின்னரே தீவிரமாக வரையத் தொடங்கினார். 1930இல் பாரிஸில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எவரும் துணிவதில்லை. ஆக, சிக்கல் வயதில் இல்லை. அந்தக் கைகள் அதற்குமுன் என்ன வேலை செய்தன என்பதில் இருக்கிறது.

ஆல்ஃபிரட் வாலிஸை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மீன் பிடித்தவர். பிறகு செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பழைய கயிறும் பாய்த்துணியும் இரும்பும் வாங்கி விற்றவர். 1922இல் மனைவி இறந்தார். அதன்பின், ஏறத்தாழ எழுபது வயதில், தனிமைக்குத் துணையாக வரையத் தொடங்கினார். கிடைத்த அட்டைத் துண்டுகளில், படகுக்கு அடிக்கும் பெயிண்டால். அட்டை கோணலாக இருந்தால் கடலும் அந்தக் கோணலுக்குள் அமைந்துகொண்டது. 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட் என்ற இரு ஓவியர்கள் அவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. (அதற்கு முன்பும் அவர் அதே ஊரில்தான் இருந்தார்.) படங்கள் சில்லறைக்கு விலைபோயின. 1942இல் மேட்ரன் ஏழைகள் விடுதியில் அவர் இறந்தார். இன்று கேம்பிரிட்ஜின் கெட்டில்ஸ் யார்டில் அவை பாதுகாக்கப்படுகின்றன. பார்ப்பவர்கள் 'குழந்தைத்தனம்' என்று கொஞ்சுகிறார்கள். காற்றில் கப்பல் எந்தப் பக்கம் சாயும் என்று உடம்பால் அறிந்தவரிடம் என்ன குழந்தைத்தனம்?

இதை அவிநாசியை அடுத்த சேவூரில் வைத்துப் பார்ப்போம். கடலைக்காய் ஏலம் நடக்கும் அவ்வூரிலிருந்து முப்பது வருடம் திருப்பூருக்குப் போய்வந்த ஒரு சாயப்பட்டறை மாஸ்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டியூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறுவேறாகிவிடும் என்று அறிந்த கண் அவருடையது. நம் ஓவிய விமர்சகர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கண் உண்டு? பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் செய்தித்தாளில் படித்தோம். அவரோ நொய்யலில் ஓடிய அந்த நிறங்களைக் கலந்தவர். அவர் வரையும் ஆற்றில் அழகும் இருக்கும், குற்றமும் இருக்கும். கரையில் நின்று பரிதாபப்படும் நம்மால் அதை வரைய இயலாது.

ஆனால் நாம் அவருக்குக் கொடுப்பது என்ன? காலண்டரில் வரும் சுவிட்சர்லாந்துப் பனிமலை. அதைப் பார்த்துப் பிசகாமல் வரைந்தால் 'இந்த வயதிலும் என்ன ஆர்வம்!' என்று மெச்சுகிறோம். நுரைபொங்கும் நொய்யலை வரைந்தால், இதையெல்லாம் யாராவது வீட்டில் மாட்டுவார்களா என்று கேட்கிறோம். மாட்ட வேண்டாம். அடுத்த இதழின் அட்டைக்கு ஓவியம் தேடும் ஆசிரியர்கள், சென்னைக் காட்சிக்கூடங்களுக்குப் போகுமுன் அப்பக்கம் ஒருமுறை போய் விசாரிக்கலாம். அவிநாசியிலிருந்து பேருந்து உண்டு.