பட்டறைக்குத் தரை வேண்டும், தரைக்குப் பட்டா வேண்டும்

2025 ஜூலையில் மூணாறு அருகே ஜீப் கவிழ்ந்து சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்ததையொட்டி, இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைப்பாதை ஜீப் சவாரிகளுக்குத் தடை விதித்தது. அடுத்த சில வாரங்கள் ஓட்டுநர்களின் வேகம், வண்டிகளின் வயது, அனுமதிச் சீட்டு, காப்பீடு ஆகியவை குறித்துப் பேச்சு நடந்தது. அந்த வண்டிகள் எங்கே, எத்தகைய தரையில் நிறுத்தப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. வண்டியின் தகுதி சான்றிதழிலிருந்து வருவதில்லை. அதன் அடிப்பாகத்தை ஒருவர் நிதானமாகப் பார்த்துச் சரிசெய்வதிலிருந்து வருகிறது. இடுக்கியில் அப்படிப் பார்ப்பதற்கான இடத்தைச் சட்டமும் நிலவுடைமையும் சேர்ந்து மறுத்து வைத்திருக்கின்றன.

இந்த மலையில் ஜீப் பொழுதுபோக்கு வாகனம் மட்டுமன்று. போடி, கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் கூலியாட்களை ஏற்றி வருவது அதுவே. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் கொழுக்குமலைக்குப் போக கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வண்டிப் பாதை உண்டு. அதிலும் ஜீப்பைத் தவிர வேறெதுவும் தாக்குப்பிடிப்பதில்லை. அத்தகைய பாதையில் முதலில் தேய்வன கண்ணுக்குத் தெரியாத பாகங்கள்: பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டுகள், அச்சோடு ஒட்டிச் செல்லும் பிரேக் குழாய். இவை அனைத்தும் வண்டிக்கு அடியில் இருக்கின்றன. மெக்கானிக் மல்லாந்து படுத்துத்தான் இவற்றைப் பார்க்கிறார். பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை, மண் தரை, ஒரு ஜாக்கி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல். மழைக்காலத்தில் ஜாக்கியின் அடி மண்ணுக்குள் புதைகிறது. ஒன்றரை டன் வண்டி அவர் மார்புக்கு மேலே நிற்கிறது.

இதற்கு மாற்றாக நகரத்துப் பணிமனைகளில் இருப்பது இரு தூண் லிஃப்ட். அதை வாங்குவதற்கான கடன் எங்கேனும் கிடைத்துவிடும். அதை நிறுத்துவதற்கான தரைதான் சிக்கல். இரு தூண்களும் தரையில் போல்ட்டுகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கின்றன. வண்டியின் எடை தூண்களின் நடுவே நேராக இறங்குவதில்லை. நீண்ட கைகளின் நுனியில் தொங்கித் தூணைச் சாய்க்கப் பார்க்கிறது. ஆகவே ஒரு பக்கத்துப் போல்ட் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வர முயல்கிறது. அந்த இழுவிசையைத் தாங்க, தரை குறைந்தது 4 அங்குலம், பாதுகாப்பாகச் சொன்னால் 6 அங்குலம் கனம் கொண்டதாகவும், மட்டமாகவும், எம்-25 தரத்திலும், 28 நாள் நீர் பாய்ச்சி முதிர்ந்ததாகவும், போல்ட் இறங்கும் இடத்தருகே விரிசலற்றதாகவும் இருக்க வேண்டும். திண்ணைக்குப் பூசும் சிமெண்ட்டுப் பூச்சில் லிஃப்ட் நிற்காது. நின்றாலும் அதனடியில் மனிதன் நிற்கக் கூடாது.

லிஃப்ட் இல்லாதவர்கள் பிட் எனப்படும் பள்ளம் தோண்டுவது உண்டு. அது மலிவு. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தின் அடியில் தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். போதாக்குறைக்கு, ஊற்று கசியும் மலைச்சரிவில் தோண்டிய பள்ளம் ஆனி, ஆடியில் கிணறாகிவிடும்.

மலைச்சரிவில் தரை போடுவதற்கென்றே ஒரு தொல்லை உண்டு. சரிவின் மேற்பகுதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பகுதியில் கொட்டித்தான் சமதளம் உண்டாக்குகிறார்கள். தளத்தின் ஒரு பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் மறு பாதி நிரப்பிய இளகிய மண்ணிலும் அமைகிறது. இரண்டு மழைக்காலத்துக்குள் நிரப்பிய பாதி தாழ்ந்து, இரண்டும் சேரும் கோட்டில் தரை பிளக்கிறது. பெரும்பாலும் தூண் நிற்க வேண்டிய இடமும் அதுவே. தடுப்புச் சுவர், அதில் நீர் வடியத் துளைகள், மண்ணை அடுக்கடுக்காக இறுக்குதல் என்று இதற்குத் தீர்வு தெரிந்ததுதான். ஆனால் அவ்வளவு செலவு செய்து ஒன்றைக் கட்டத் துணிகிறவனுக்கு, நாளை அதை இடிக்கமாட்டார்கள் என்ற உறுதி வேண்டும்.

அந்த உறுதி இடுக்கியில் இல்லை. 1964ஆம் ஆண்டின் கேரள நிலப் பதிவு விதிகளின்படி அளிக்கப்பட்ட பட்டா, சாகுபடிக்கும் வீட்டுமனைக்கும் ஒட்டிய நிலத்தின் பயன்பாட்டுக்கும் உரியது. வணிகக் கட்டடத்துக்கு அதில் இடமில்லை. 2007இல் மூணாறில் இடிப்பு இயந்திரங்கள் இறங்கியதை மலை மறக்கவில்லை. 2010க்குப் பின் மூணாறைச் சுற்றிய கிராமங்களில் கட்டட அனுமதிக்கு வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயமானது. 2019 ஆகஸ்டில் வந்த அரசாணையோ, பட்டா எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது என்று சான்று கேட்டது. விடுதி கட்டியவரிடம் வழக்கறிஞர் இருந்தார். வீட்டோரம் இரண்டு ஜீப் நிறுத்தும் கொட்டகைக்காரரிடம் ஸ்பானர் பெட்டிதான் இருந்தது. 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றி, 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்த திருத்தச் சட்டம் இத்தகைய மீறல்களை முறைப்படுத்த வழி திறந்திருக்கிறது. நல்லதே. ஆனால் அது பட்டா உள்ளவருக்கான வழி.

தோட்டத்துத் தமிழருக்கு அந்தப் பட்டாவும் இல்லை. லயன் வீடு, தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 நிர்வாகத்தின் மேல் சுமத்திய கடமை. தொழிலாளரின் உடைமை அன்று. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் 2005 முதல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்டது என்பது இந்த இடத்தில் ஒரு கசப்பான வேடிக்கை: கையில் பங்குப் பத்திரம் இருக்கும், காலுக்கடியில் இருக்கும் தரை தனக்கில்லை. கொழுந்து பறிப்பவரின் பிள்ளை பெரும்பாலும் எஸ்டேட்டுக்குள் இறங்காமல் ஓட்டுநராகவோ மெக்கானிக்காகவோ ஆகிறான். லயத்தின் முற்றத்தில் அவன் ஒரு சட்டி கான்கிரீட் கொட்ட முடியாது. ஆகவே சாலையோரம் வருகிறான். சாலையோரத்தில் வண்டிக்கு அடியில் படுப்பது எத்தகைய பாதுகாப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். பின்னர் குற்றியார் பள்ளத்தாக்கில் எட்டுக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் தரப்பட்டன. நிலமுள்ள வீடு சாத்தியமே என்பதற்கு அது சான்று. பேரழிவுக்குப் பிறகுதான் அது சாத்தியமாக வேண்டுமா என்பது வேறு கேள்வி.

வடக்கே, தமிழர் வாழும் மற்றோர் எல்லைப்புறமான பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் நிலைமை தலைகீழ். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் பலருக்குச் சொந்த மண் உண்டு. அந்த மண்ணில்தான் கோளாறு. கேரளத்தில் கரிசல் காணப்படுவது இந்த வட்டத்தின் கிழக்கோரத்தில். மழையில் ஊதி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண், மேலே போட்ட தரையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வீங்காத மண்ணடுக்கு ஒன்றை இடையில் இட்டால் இதை அடக்கலாம் என்று பம்பாய் ஐஐடியின் ஆர். கே. கட்டி முன்பே காட்டியிருக்கிறார். சாலைப் பொறியாளர்கள் அதை அறிவார்கள். வீட்டோரப் பட்டறைக்காரருக்கு அதைச் சொல்லித்தர எவரும் வருவதில்லை. அவர் தரை பிளந்ததும் சிமெண்ட்டைக் குறை சொல்லிவிட்டு மேலே இன்னொரு பூச்சு பூசுகிறார். நிலம் வருவாய்ப் பதிவில் நெல்வயலாக இருந்துவிட்டால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பூச்சையும் கேள்வி கேட்கும்.

பட்டறைகளுக்கு வழிவிட்டால் அதே வழியில் விடுதிகள் நுழையும் என்ற அச்சம் பொய்யன்று. கழிவெண்ணெய் ஓடையில் கலக்கும் என்பதும் உண்மை. ஆனால் மண் தரையில் சிந்தும் எண்ணெய்தான் முதல் மழையில் முதிரப்புழைக்குப் போகிறது; விளிம்பு கட்டி, எண்ணெய்ப் பொறி வைத்த கான்கிரீட் தரையில் அதைப் பிடித்து வைக்கலாம். ஐந்தடுக்கு விடுதியையும் 300 சதுர அடிப் பட்டறையையும் ஒரே சொல்லால் 'வணிகக் கட்டடம்' என்று எழுதும் விதிதான் அச்சத்தை வளர்க்கிறது. பரப்பளவு, சரிவின் கோணம், உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறாரா என்ற மூன்றையும் கொண்டு இவற்றைப் பிரித்தெழுத இயலும்.

லயத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் பயன்படாது. அவர்களுக்குப் பொதுத் தரை வேண்டும். ஜீப் சவாரிக்கு ஒழுங்குமுறை வகுக்கும் மாவட்ட நிர்வாகம், மூணாறிலும் சூரியநெல்லியிலும் ஊராட்சி நிலத்தில் ஒவ்வொரு தளம் போட்டு, ஒரு லிஃப்ட் நிறுத்தி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். 12 அடிக்கு 24 அடி, 6 அங்குலக் கனம்: ஒரு தளத்துக்குத் தேவை சுமார் 4 கன மீட்டர் கான்கிரீட்.