கரகரப்புக்கு ரேடியோவைத் திட்டாதீர்கள்

காரில் எஃப்.எம். கரகரத்தால் உடனே ஸ்டீரியோவையே மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நான் பார்த்த பல கார்களில் குற்றவாளி, சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த மலிவு விலை யு.எஸ்.பி. சார்ஜர்தான்!

பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க, சார்ஜருக்குள் மின்சாரம் விநாடிக்குப் பல ஆயிரம், சிலவற்றில் பல லட்சம் தடவை ஆன், ஆஃப் ஆகிறது. அப்போது ரேடியோ இரைச்சல் கிளம்பும். அதை அடக்க நல்ல சார்ஜர்களில் ஃபில்டர் இருக்கும். விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். பிறகு சார்ஜர் ஒயரே ஆன்டெனாவாகிவிடுகிறது. முன் கண்ணாடியில் ஒட்டும் சில கேமராக்களும் இப்படித்தான். பாவம் ஜி.பி.எஸ்.! சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலை, பக்கத்தில் இருக்கும் கேமரா அமுக்கிவிடும்.

எஞ்சினை அணைத்து, ரேடியோ மட்டும் பாடும்படி சாவியைத் திருப்புங்கள். சார்ஜரை உருவுங்கள், போனை மட்டும் கழற்றினால் போதாது. இரைச்சல் நின்றால் சார்ஜரை மாற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் விசில் கேட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறினால் ஆல்டர்னேட்டரையும் எர்த் இணைப்பையும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

பழைய மானிட்டர் கேபிளின் நுனியில் ஓர் உருளை இருக்குமே, அது ஃபெரைட். ஒயரில் கவ்வும் வகையும் கிடைக்கிறது. சிறிய இரைச்சலுக்கு உதவும். ஆனாலும் அந்தப் பணத்தை நல்ல சார்ஜருக்கே கொடுப்பேன்.