பெனாசிர் பூட்டோ: நாம் கேட்கத் தவறிய கேள்வி

நவீன காலத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டின் அரசுக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணி பெனாசிர் பூட்டோ. 1988 டிசம்பர் 2 அன்று பாகிஸ்தானின் பிரதமராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 35. அவருடைய வாழ்வைச் சொல்லும் ‘பூட்டோ’ என்னும் ஆவணப்படம் 2010ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 1979இல் தந்தை தூக்கிலிடப்பட்டது, சிறைவாசம், வெளிநாட்டு வாழ்க்கை, 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் நிகழ்ந்த படுகொலை என ஒரு குடும்பத்தின் துயரம் அதில் விரிகிறது. கல்நெஞ்சரும் கலங்குவர்.

ஆயினும், பெனாசிரின் பெயரை எடுத்தவுடன் நம் சபைகளில் எழுவது ஒரே விவாதம்தான்: பெண் ஆட்சி செய்யலாமா? மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் என்னிடமும் மாணவியர் இதையே கேட்கின்றனர். அவர் எப்படி ஆட்சி செய்தார் என்று கேட்பவர் மிகச் சிலர். மார்க்கத்தின் பார்வையில் இந்த இரண்டாம் கேள்வி எவ்வகையிலும் சிறியதன்று.

முதல் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பாரசீகர்கள் கிஸ்ராவின் மகளை அரசியாக்கிய செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயில் உள்ளது. ஒரு பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமுதாயம் வெற்றி பெறாது என்பது அதன் கருத்து. முஸ்லிம் சமுதாயம் முழுமைக்குமான தலைமைப் பதவி பெண்ணுக்கு இல்லை என்று பெரும்பாலான இமாம்கள் இதை ஆதாரமாகக் கொண்டு கூறினர். ஆனால், கலந்தாலோசனையின் அடிப்படையில் இயங்கும் அரசில் ஆட்சியாளர் தனித்து முடிவெடுப்பதில்லை. எனவே அதன் சட்டம் வேறு என்று மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) விளக்கமளித்துள்ளார்கள். 1965ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், அய்யூப் கானை எதிர்த்து நின்ற ஃபாத்திமா ஜின்னாவை மௌலானா மௌதூதீ ஆதரித்ததும் வரலாறு. ஆகவே, அறிஞர்களிடையே கருத்துக்கு இடமுள்ள விஷயம் இது. தேர்தலுக்குத் தேர்தல் தீர்ப்பை மாற்றிக்கொண்டு, எதிரணியில் பெண் நிற்கும்போது மட்டும் ஹதீஸை நினைவுகூர்வோரின் போக்குதான் கண்டிக்கத்தக்கது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பொன்றைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தரவில்லை. நீர் பலவீனமானவர், அதுவோ அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் வருத்தமுமே மிஞ்சும் என்று உணர்த்தினார்கள். கேட்டவர் ஓர் ஆண். வாய்மையால் சிறப்புற்ற தோழர். இருந்தும் பதவி கிடைக்கவில்லை. ஆண் என்பதாலேயே எவரும் தகுதி பெற்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மறுபுறம், அந்நம்ல் அத்தியாயத்தில் ஸபா நாட்டு அரசியைக் குர்ஆன் காட்டுகிறது. சுலைமான் நபியின் கடிதம் வந்ததும் அவள் தன் பிரதானிகளின் ஆலோசனையைக் கேட்கிறாள். அவர்கள் படை வலிமையைப் பேசுகின்றனர். அவளோ போர் ஊர்களைச் சீரழிக்கும் என்றெண்ணித் தூதும் அன்பளிப்பும் அனுப்புகிறாள். முடிவில் அல்லாஹ்வுக்குக் கீழ்ப்படிகிறாள். ஒரு நாட்டின் அழிவைத் தவிர்த்த அறிவு அது.

இந்த அளவுகோலைக் கொண்டு பெனாசிரைப் பார்ப்போம். 1979இல் ஜியாவுல் ஹக் கொண்டுவந்த ஹுதூத் சட்டங்களின் கீழ், வன்கொடுமைக்கு ஆளானதாக முறையிட்ட பெண்களே விபசாரக் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறை செல்லும் நிலை உருவானது. பெண்ணின் மானத்தை அவதூறிலிருந்து காக்க அல்லாஹ் விதித்த நான்கு சாட்சி நிபந்தனை, பாதிக்கப்பட்டவளுக்கே எதிராகத் திருப்பப்பட்டது. பெனாசிர் இருமுறை ஆட்சிக்கு வந்தார். இரண்டு ஆட்சிகளிலும் அச்சட்டங்கள் நீடித்தன. அவை திருத்தப்பட்டது 2006இல்தான். அப்போது ஆட்சியில் இருந்தவர் இராணுவத் தளபதி முஷர்ரஃப். பெனாசிருக்குப் போதிய பெரும்பான்மை இல்லை, குடியரசுத் தலைவரிடம் ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் இருந்தது என்பன உண்மைகளே. 1990இலும் 1996இலும் அவ்வாறே அவர் நீக்கப்பட்டார். 1989இல் பெண்களுக்கென ஒரு வங்கி, 1994இல் கிராமப் பெண்களுக்கான சுகாதாரப் பணியாளர் திட்டம் ஆகியவை அவர் காலத்து நன்மைகள். நீதியான தராசில் இரு தட்டுகளையும் வைக்க வேண்டும்.

அவருடைய நெடுநாள் நண்பர் ஒருவர் தயாரிப்பாளர்களுள் ஒருவராக இருப்பதால், படத்தின் பார்வை அவர் பக்கம் சாய்வது இயல்பு. எனினும், தம்பி முர்தஸாவின் மகள் ஃபாத்திமா பூட்டோவும் அதில் பேசுகிறார். 1996 செப்டம்பரில், பெனாசிர் பிரதமராக இருந்தபோதே, கராச்சியில் காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் முர்தஸா உயிரிழந்தார். அத்தையின் ஆட்சியையே கேள்விக்குள்ளாக்கும் அந்த மகளின் குரலை ஊன்றிக் கேளுங்கள். ஆட்சியாளரின் பொறுப்பு அவரது மரணத்தால் அழிவதில்லை என்பதை அது நினைவூட்டும்.

இவ்விவாதத்தில் நமக்கும் பங்குண்டு. ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனமுடைந்து அசையாதிருந்தபோது, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டே நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்று பலியிட்டு முடி களைந்தார்கள். உடனே அனைவரும் பின்பற்றினர். நம் மஹல்லாக்கள் பலவற்றில் தலாக், மஹர், குழந்தையின் பராமரிப்பு பற்றிய வழக்குகள் ஆண்கள் மட்டுமே அமர்ந்த சபையில் தீர்க்கப்படுகின்றன. வழக்குக்குரிய பெண் தன் நியாயத்தைச் சொல்லவும் இன்னோர் ஆணைத் தேட வேண்டியுள்ளது. உள்ளாட்சியில் வென்ற சகோதரியின் பணியைக் கணவரே கவனிக்கும் ஊர்களும் உண்டு. பிரதமர் பதவி பற்றி வாதிடும் நாம், மஷூராவில் பெண்ணுக்குரிய இடத்தை முதலில் கொடுப்போம். அந்த இடத்தில் அமரும் பெண்ணிடமும், ஆணிடம் கேட்பதைப் போலவே அமானிதத்தின் கணக்கைக் கேட்போம்.

பொறுப்பைச் சுமப்போர் அனைவருக்கும் நீதி தவறாத உள்ளத்தை அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.